உடைந்ததை உடனே சொல்லும் கணினி

ஐந்து பேர் பகிர்ந்து ஒரு மென்பொருளை எழுதும்போது, அவரவர் பகுதி தனியே நன்றாக இயங்கும். ஒன்றுசேர்த்தால் முழுவதும் நின்றுவிடும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கொசுகே கவாகுச்சிக்கும் இதே தொல்லைதான். அவர் செய்த மாற்றங்களால் மென்பொருள் அடிக்கடி உடைய, சக ஊழியர்கள் கோபித்துக்கொண்டார்கள். எனவே 2004 இல் ‘ஹட்சன்’ என்ற செய்நிரலை எழுதத் தொடங்கினார். 2011 இல் அது ‘ஜென்கின்ஸ்’ எனப் பெயர் மாறியது. அதன் சின்னம், கையில் துவாயுடன் நிற்கும் வீட்டுப் பணியாளர். பொருத்தம்தான்!

யாராவது ஒரு வரியை மாற்றிச் சேர்த்ததும், ஜென்கின்ஸ் முழு மென்பொருளையும் புதிதாகக் கட்டி, முன்பே எழுதிவைத்த பரிசோதனைகளைச் செய்து, பிழையிருந்தால் அறிவிக்கும். எழுதியது நினைவில் இருக்கும்போதே திருத்திவிடலாம். இரண்டு வாரம் கழித்தென்றால், யாருடைய வரி என்று தேடுவதிலேயே நாள் போய்விடும்.

ஆனால் நாம் கேட்காததை அது பார்க்காது. சராசரிப் புள்ளி காணும் செய்நிரலுக்கு 40, 60 கொடுத்து, 50 வருகிறதா என்று மட்டும் பரிசோதித்தால், ‘சரி’ என்றே சொல்லும். ஒருவருமே பரீட்சை எழுதாத வகுப்பில் அதே செய்நிரல் பூச்சியத்தால் வகுக்கப்போய் நின்றுவிடும். அந்த வெற்று வகுப்பையும் ஒரு பரிசோதனையாக யாராவது எழுதிச் சேர்க்க வேண்டும்.