படத்துக்குள் பூட்டிய பெயர்

மருத்துவமனைகளில் எடுக்கப்படும் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் இன்று எண்களாகவே சேமிக்கப்பட்டு, நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் அதே கோப்பிலேயே உடன்சென்று ஊர்விட்டு ஊர் பிரயாணம் செய்கின்றன என்பதைப் பலர் அறியார். 2019-இல் ஜெர்மனியின் கிரீன்போன் நிறுவனம் இணையத்தைத் துருவியபோது, எவரும் எட்டக்கூடியவாறு திறந்து கிடந்த மருத்துவப் பட சர்வர்களில், இந்தியா உள்ளிட்ட பல நாடுகளின் 2 கோடியே 40 லட்சம் நோயாளிப் பதிவுகள் வெளிப்பட்டன.

இந்த அபாயத்துக்கு விஞ்ஞானிகள் ஆராய்ந்துவரும் உபாயங்களுள் ஒன்று, படத்தை முதலில் சங்கேதமாக்கி, அதற்குள்ளேயே நோயாளியின் பெயர் போன்ற ரகசியத் தகவலைப் பதித்து, பின்னர் இரண்டையும் பழுதின்றிப் பிரித்தெடுப்பது. 2011-இல் ஷாங்காய் பல்கலைக்கழகத்தின் ஸின்பெங் ஜாங் வெளியிட்ட முறையில், 0 முதல் 255 வரையுள்ள எண்களான படப்புள்ளிகள் ஒரு சாவியால் கலைக்கப்படுகின்றன. சர்வரை நிர்வகிப்பவர், உள்ளே இருப்பது என்ன படம் என்று அறியாமலே, படத்தைச் சிறு கட்டங்களாக்கி, ஒவ்வொரு கட்டத்தின் புள்ளிகளையும் இரண்டாவது சாவியால் இரு பாதியாகப் பிரித்து, செய்திக்கேற்ப ஒரு பாதியின் கடைசி 3 பிட்டுகளை (0, 1 என்னும் இலக்கங்களை) புரட்டி, ஒரு பிட் செய்தியைப் பதிக்கிறார். அண்டைப் புள்ளிகள் சுபாவமாகவே ஒத்திருக்கும் என்பதைக் கொண்டு, இரு சாவிகளும் உடையவர் புரட்டப்பட்ட பாதியைக் கண்டறிந்து, செய்தியையும் பெற்று, படத்தையும் முன்னிருந்தவாறே மீட்கிறார். இந்த மீட்சியே இம்முறையின் ஜீவன்; ஏனெனில் மார்பகப் படத்தில் கடுகளவு வெண்புள்ளி கூடினாலும் மருத்துவரின் தீர்ப்பு மாறக்கூடும்.

ஆயினும் இதைப் பூரணமான கவசமென்று எண்ணிவிடலாகாது. கட்டங்கள் மிகச் சிறியவையானால் மீட்பதில் பிழை நேரும். படத்தை வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால், அது சுருக்கப்பட்டு மறைத்த செய்தி அழிந்துபோம். படத்தைக் கலைத்த சாவி தொலைந்தால் படமே தொலைந்ததற்குச் சமம். எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, இரு சாவிகளும் ஒரே ஊழியர் கையில் கிடப்பதுதான் என்பது என் திடமான அபிப்பிராயம். அந்நிலையில் எவ்வளவு நுட்பமான கணிதமும் நோயாளிக்கு உதவாது.

சட்டத்தின் துணையும் நோயாளிக்கு உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72-ஏ பிரிவோ, சேவை ஒப்பந்தத்தின் வழியே கிடைத்த தனிப்பட்ட தகவலை, சம்மதமின்றி, தீங்கு விளையுமென்று அறிந்தே வெளியிடுவோருக்கு 3 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. படிப்படியாக அமலுக்கு வரும் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்பில் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. தம் மருத்துவக் குறிப்புகளைக் கேட்கும் நோயாளிக்கு 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தர வேண்டுமென்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் ஒழுங்குவிதி.

ஆகவே அடுத்த முறை ஸ்கேன் எடுக்கும்போது, படம் சங்கேதமாக்கப்படுகிறதா, எங்கே வைக்கப்படுகிறது, சாவிகள் எவரெவரிடம் உள்ளன என்ற மூன்று கேள்விகளையும் எழுத்து மூலமாகக் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள்.