மீட்கப்பட்ட பெண்களே கட்டிய குழு: நேபாளத்தின் 'சக்தி சமூஹா'



"விடுதியில் போலீஸ் ரெய்டு, பெண்கள் மீட்பு" என்று பேப்பரில் அடிக்கடி படிக்கிறோம். அதுக்கு அப்புறம் அந்தப் பெண்கள் என்ன ஆனாங்க? அதை யாரும் எழுதுவதில்லை. மீண்டு வந்த பெண்கள் தாங்களே குழுவாகச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

1996 பிப்ரவரியில் மும்பையின் சிவப்பு விளக்குப் பகுதிகளில் பெரிய ரெய்டு நடந்தது. மீட்கப்பட்ட நூற்றுக்கணக்கானவர்களில் சுமார் 200 பேர் நேபாளத்துப் பெண்கள். வேலை வாங்கித் தர்றேன், கல்யாணம் கட்டிக்கிறேன் என்று ஏமாற்றியும், மயக்க மருந்து கொடுத்தும் கொண்டு வந்து விற்கப்பட்டவர்கள். பலருக்கு 18 வயசுகூட ஆகவில்லை. ஆனால் அவங்க சொந்த நாடே உடனே ஏற்றுக்கொள்ளத் தயங்கியது. குடியுரிமைச் சான்று இல்லை, எய்ட்ஸைக் கொண்டு வந்துவிடுவார்கள் என்று காரணம் சொன்னார்கள். மாதக்கணக்கில் காப்பகங்களில் கிடந்த பிறகு, தொண்டு நிறுவனங்களின் முயற்சியால் 128 பேர் ஜூலையில் காத்மாண்டு போய்ச் சேர்ந்தார்கள். விற்றவன் ஊருக்குள் நடமாட, விற்கப்பட்டவள் வாசலில் நிற்க வேண்டியிருந்தது.

திரும்பியவர்களில் 15 பேர் சேர்ந்து ஆரம்பித்ததுதான் 'சக்தி சமூஹா'. நேபாளியில் சமூஹா என்றால் குழு. பெயரே நம்ம குழு மாதிரிதானே! ஆனால் குழுவைப் பதிவு செய்யக் குடியுரிமைச் சான்று வேண்டும். அந்தச் சான்றுக்கு அப்பாவோ கணவரோ முன்வந்து கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் சேர்க்காத பெண்ணுக்கு யார் போடுவாங்க? 2000-ல்தான் பதிவு கிடைத்தது.

அந்தக் குழுவை நிறுவியவர்களில் ஒருவர் சரிமாயா தமாங். 16 வயதில் கடத்தப்பட்டு 22 மாதம் மும்பையில் அடைபட்டுக் கிடந்தவர். ஊர் ஏச்சுக்கு நடுவிலும், தன்னைக் கடத்தியவர்கள் மேல் தானே கேஸ் கொடுத்தார். 1997-ல் மாவட்ட நீதிமன்றம் 8 பேருக்குத் தண்டனை விதித்தது.

இந்தக் கேஸ்களில் பெண்ணின் வாக்குமூலம் ஏன் இவ்வளவு முக்கியம் தெரியுமா? தரகர் பெரும்பாலும் தெரிஞ்ச ஆள்தான். சொந்தக்காரராகவோ பக்கத்து வீட்டு அக்காவாகவோ இருக்கலாம். கூட்டிப் போனது யார், எங்கே கைமாற்றினார்கள் என்பது அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியும். அதனாலதான் மிரட்டலும் "பணம் வாங்கிட்டு விட்டுடு" என்ற சமாதானப் பேச்சும் அவளைத் தேடி வரும். தனியாக இருப்பவள் பயந்து பின்வாங்குவாள். கோர்ட்டுக்குக் கூடவே நாலு பேர் வந்தால் நிற்பாள். தையல் மெஷினை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டால் போதாது என்று சொல்வது இதனால்தான்.

சக்தி சமூஹா காப்பகம் நடத்துகிறது, சட்ட உதவி செய்கிறது, கிராமங்களில் வளரிளம் பெண்களைக் குழுவாகச் சேர்க்கிறது. 2013-ல் மகசேசே விருது பெற்றது.

நம் நாட்டில் ஆள் கடத்தல், பாரதிய நியாய சன்ஹிதா 143-வது பிரிவின்படி குற்றம். "அவளே சம்மதிச்சுத்தான் வந்தா" என்று கடத்தியவன் தப்பிக்க முடியாது. சம்மதம் கணக்கில் வராது என்று சட்டமே சொல்கிறது. வயது வந்து, சொந்த விருப்பத்தில் இத்தொழிலில் இருக்கும் பெண்களை ரெய்டின்போது கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது, மீட்கப்படுபவர்களின் அடையாளத்தைப் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் உத்தரவிட்டது. அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி ஒரு பெண் நம்ம ஊருக்குத் திரும்பி வந்து, "என்னையும் குழுவில சேர்த்துக்குவீங்களா அக்கா?" என்று கேட்டால்? மற்ற உறுப்பினரைச் சேர்ப்பது போலவே சேர்க்கலாம். பழைய கதையைக் கூட்டத்தில் கிளற வேண்டாம், தீர்மான நோட்டிலும் எழுத வேண்டாம். வங்கிக் கணக்குக்கு ஆதார், ரேஷன் கார்டு இல்லையென்றால் ஊக்குநர் கூடப் போய் மனு கொடுக்கலாம். கடத்தப்பட்டவர்களுக்கு வக்கீல் இலவசம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்க வேண்டும், இழப்பீட்டு மனுவும் அங்கேயே கொடுக்கலாம். அதற்கான போன் எண் 15100. குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098, பெண்களுக்கு 181, அவசரத்துக்கு 112.