உறங்கும் எரிமலைக்கு நாடி பார்த்தல்



ஒரு முறை எங்கள் தோட்டத்துப் பள்ளி மாணவர்களை அழைத்துக்கொண்டு பினாங்குக் கொடிமலைக்குச் சுற்றுலா சென்றிருந்தோம். மலை ரயிலிலிருந்து இறங்கியதும் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், "சார், இந்த மலை எப்போதாவது வெடிக்குமா?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் அது சிரித்துத் தள்ளிவிட வேண்டிய கேள்வி அன்று. அதற்குரிய விடையைத்தான் இன்று உங்களோடு பேசப் போகிறோம்.

கொடிமலை வெடிக்காது. அது கருங்கல் மலை. இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், பூமிக்குள் உருகிக் கிடந்த பாறைக் குழம்பு வெளியே வராமல் உள்ளேயே மெல்ல ஆறி இறுகியது. மேலே இருந்த மண்ணும் பாறையும் காலப்போக்கில் கரைந்து போக, அந்தக் கருங்கல் இன்று மலையாக நிற்கிறது. அதன் அடியில் இப்போது குழம்பு இல்லை. கெடா மாநிலத்தில், பாலிங் அருகே உலு லெகோங்கில் வெந்நீர் ஊற்று இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அதுவும் எரிமலையின் வேலை அல்ல. பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கும் நீர், அங்குள்ள வெப்பத்தால் சூடேறி மேலே வருகிறது, அவ்வளவுதான்.

ஆனால் மலாக்கா நீரிணைக்கு அப்பால் கதை வேறு. பினாங்கிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 330 கிலோமீட்டர் தூரத்தில், வட சுமத்திராவில், சினாபுங் என்ற எரிமலை இருக்கிறது. இங்கிருந்து கோலாலம்பூருக்குச் சாலை வழியே போகும் தூரத்தைவிட அது சற்றுக் குறைவு. மேடான் நகரிலிருந்து அந்த மலைக்கு 60 கிலோமீட்டர் கூட இராது. மேடான் நமக்கு அந்நிய ஊர் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெலி வட்டாரத்துப் புகையிலைத் தோட்டங்களில் உழைக்க நம்மவர்கள் அங்கே சென்றார்கள். 1884-இல் எழுந்த மாரியம்மன் ஆலயம் இன்றும் அந்நகரில் இருக்கிறது.

சினாபுங் 2,460 மீட்டர் உயரமுள்ள மலை. அதன் சரிவுகளில் காரோ இனத்து விவசாயிகள் முட்டைக்கோஸ், மிளகாய், காப்பி, ஆரஞ்சு முதலியவற்றைப் பயிரிட்டு வந்தார்கள். எரிமலைச் சாம்பல் கலந்த மண் வளமான மண். 400 ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மலை வெடித்ததாக எந்தப் பதிவும் இல்லை. பிற்பாடு செய்த கரிமக் காலக்கணிப்பின்படி, அதன் உறக்கம் ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் நீண்டதாகத் தெரிகிறது. தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலும் வெடிக்காத மலையைக் கண்டு யார் பயப்படுவார்கள்?

இந்தோனேசியாவில் எரிமலைகளை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். 1600-ஆம் ஆண்டுக்குப் பின் வெடித்தவை 'ஏ' வகை. அதற்குப் பின் வெடிக்காதவை 'பி' வகை. நீராவியும் வாயுவும் மட்டும் வெளிவிடும் இடங்கள் 'சி' வகை. அந்த நாட்டில் எரிமலைகள் மிகுதி. எல்லாவற்றுக்கும் கருவி வைக்க இயலாது. ஆகவே, 'ஏ' வகைக்கே முதலிடம் கொடுத்தார்கள். சினாபுங் 'பி' வகை. அதற்கு நாடி பார்க்க அங்கே ஆளும் இல்லை, கருவியும் இல்லை.

2010 ஆகஸ்டு 27-ஆம் நாள் அந்த மலை புகையத் தொடங்கியது. இரண்டு நாளில், நள்ளிரவு கடந்த வேளையில், சாம்பலைக் கக்கியது. ஆயிரக்கணக்கான மக்கள் இருட்டில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதன் பிறகுதான் பண்டுங் நகரிலுள்ள எரிமலை ஆய்வு நிலையத்தார் விரைந்து வந்து கருவிகளைப் பொருத்தினார்கள். சினாபுங்கும் 'ஏ' வகையில் சேர்ந்தது.

எரிமலைக்கு நாடி பார்ப்பது எப்படி? வீட்டு உத்திரத்தில் கயிறு கட்டி, அதில் அம்மிக் குழவியைத் தொங்க விட்டதாக வைத்துக்கொள்வோம். குழவியின் அடியில் ஒரு பென்சில்; பென்சிலின் கீழே மெல்ல நகரும் காகிதம். தரை அசைந்தால் வீடும் காகிதமும் அசையும்; கனமான குழவியோ உடனே அசையாமல் நிற்கும். பென்சில் காகிதத்தில் நெளிகோடு இடும். நிலநடுக்கமானியின் தத்துவம் இதுதான். இக்காலத்தில் பென்சிலுக்குப் பதில் மின்கருவி இருக்கிறது. மனிதக் காலுக்குத் தெரியாத மிகச் சிறிய அதிர்வையும் அது பிடித்துவிடும்.

நடுக்கம் எங்கே பிறந்தது என்று அறிவதற்கும் வழியுண்டு. மின்னலைக் கண்ட பிறகு இடி கேட்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணி, இடி விழுந்த தூரத்தைக் கணக்கிடுகிறோம் அல்லவா? அதுபோல நடுக்கத்திலும் இரண்டு அலைகள் புறப்படுகின்றன. ஒன்று வேகமாக வரும். மற்றது பின்தங்கி வரும். பாறைத் தரையில் இரண்டுக்கும் இடையே ஒரு விநாடி இருந்தால், தூரம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர். ஒரு கருவி தூரத்தை மட்டும் சொல்லும். மலையைச் சுற்றிப் பல கருவிகள் இருந்தால், அவற்றின் கணக்குகளை ஒன்று சேர்த்து, நடுக்கம் பிறந்த இடத்தையும் அதன் ஆழத்தையும் கண்டுபிடிக்கலாம்.

எரிமலை நடுக்கங்களில் வகைகளும் உண்டு. காய்ந்த விறகு முறிவதுபோல் சட்டென்று வருவது ஒருவகை. குழம்பு வழி தேடும்போது பாறை உடைவதால் அது உண்டாகிறது. தண்ணீர்க் குழாயில் காற்றும் நீரும் மாறி மாறி வரும்போது குழாய் கடகடவென்று ஆடுமே, அதுபோல மெதுவாக ஆடுவது இன்னொரு வகை. வெடிப்புகளில் குழம்பும் வாயுவும் நகர்வதன் அடையாளம் அது. உலை கொதிக்கும்போது பானையின் மூடி ஓயாமல் துடிப்பதுபோல், நிமிடக்கணக்காகவோ மணிக்கணக்காகவோ நீடிப்பது மூன்றாவது வகை.

காவல் கூடத்தில் இருப்பவர்கள் நாள்தோறும் இவற்றை எண்ணிக் குறித்துக்கொள்கிறார்கள். நேற்று பத்து, இன்று ஐம்பது என்று எண்ணிக்கை ஏறுகிறதா? ஆழம் குறைந்துகொண்டே வருகிறதா? முறியும் ஓசை போய்க் கொதிக்கும் துடிப்பு வந்துவிட்டதா? அப்படியானால் குழம்பு மேலே வருகிறது என்று எண்ண இடமுண்டு. மலை வீங்குகிறதா, வாயு மிகுகிறதா என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஆனாலும் நாடி பார்க்கும் வைத்தியர் நோய் முற்றுகிறது என்று சொல்லலாமே தவிர, நாளும் நாழிகையும் குறித்துக் கொடுக்க முடியாது. சில வேளைகளில் குழம்பு பாதி வழியில் நின்றுவிடுவதும் உண்டு.

இவ்வாறு பெற்ற செய்தியை மக்களுக்கு நான்கு படிகளில் அறிவிக்கிறார்கள்: நோர்மல், வாஸ்பாடா, சியாகா, அவாஸ். மலாய் அறிந்த நமக்கு விளக்கம் தேவையில்லை. நம் சாலையோரப் பலகைகளில் காணும் அதே 'அவாஸ்' அங்கே கடைசிப் படி.

2013 செப்டம்பரில் சினாபுங் மீண்டும் வெடித்தது. இம்முறை கருவிகள் காத்திருந்தன. நவம்பர் 24-ஆம் நாள் 'அவாஸ்' அறிவிக்கப்பட்டது. டிசம்பரில் குழம்பு உச்சிக்கு வந்து மேடாகத் திரண்டது. இத்தகைய மேடு சரிந்தால், கொதிக்கும் சாம்பலும் கல்லும் வாயுவும் ஒன்றாகச் சேர்ந்து, ஓடித் தப்ப முடியாத வேகத்தில் இறங்கும். 2014 பிப்ரவரி முதல் நாள் அதுதான் நடந்தது. மலையின் மிக அருகே, தடை விதித்த பகுதியிலிருந்த சுக்காமெரியா கிராமத்துப் பக்கம் சென்றிருந்தவர்களில் பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். 2016 மே மாதம் காம்பர் கிராமத்தில் மேலும் ஏழு பேர் இறந்தார்கள். அவர்களும் தடைப் பகுதியில் இருந்தவர்களே. தோட்டங்களைப் பார்க்கப் போயிருந்தார்கள்.

ஏன் போனார்கள் என்று அவர்களைக் குறை கூறுவது எளிது. மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் சம்பளம் இல்லை என்ற கணக்கு நமக்குத் தெரியாததா? முகாமில் மாதக்கணக்காக உட்கார்ந்திருக்கும் குடியானவனுக்கு, பறிக்காமல் அழுகும் மிளகாய்தான் கண்முன் நிற்கும். நாலு நாள் மலை அடங்கியிருந்தால், 'போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்' என்றுதான் மனம் சொல்லும். ஆகவே கருவி மட்டும் போதாது. விலகி நிற்பவர்களின் வயிற்றுக்கும் வழி செய்தாக வேண்டும்.

இரண்டும் ஓரளவு கூடிவந்த இடம் பிலிப்பைன்ஸ். அங்கே பினாதுபோ எரிமலை ஏறத்தாழ 500 ஆண்டுகள் உறங்கிய பின், 1991 ஏப்ரலில் நீராவியைக் கக்கியது. அந்நாட்டு விஞ்ஞானிகளும் அமெரிக்க விஞ்ஞானிகளும் உடனே நிலநடுக்கமானிகளை வைத்து இரவுபகலாகக் கவனித்தார்கள். அவர்கள் சொல்லைக் கேட்டுப் பல்லாயிரம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஜூன் 15-ஆம் நாள், இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று அங்கே நிகழ்ந்தது. அதே நாளில் புயலும் வந்தது. நனைந்த சாம்பலின் பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தது உண்மை. ஆயினும் முன்னறிவிப்பால் குறைந்தது 5,000 உயிர்கள் பிழைத்தன என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் வானிலை ஆய்வுத் துறை நிலநடுக்கமானிகளை வைத்திருக்கிறது. நமக்குப் பக்கத்திலே கூலிமில் ஒன்று, ஈப்போவில் ஒன்று. சுமத்திராவின் பெரிய நடுக்கங்கள் பினாங்கின் அடுக்குமாடி வீடுகளில் உணரப்படுவதுண்டு. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலை தரை ஆடியது. நண்பகலுக்குப் பின் கடல் வந்தது. பினாங்கில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்டோரை இழந்தோம். வீடு ஆடினால் மேசைக்கடியில் பதுங்குங்கள். ஆட்டம் நின்றதும் மின்தூக்கியில் ஏறாமல் படி வழியே இறங்குங்கள். கடற்கரையில் இருந்தால் வேடிக்கை பார்க்க நிற்காமல் மேட்டுக்குச் செல்லுங்கள். அறிவிப்பைக் கேளுங்கள், 'ஆபத்து நீங்கியது' என்று சொல்லும்வரை திரும்பாதீர்கள்.

அந்த மாணவனுக்கு நாங்கள் மலை உச்சியில் சொன்ன விடை இதுதான்: "தம்பி, இந்த மலை வெடிக்காது. ஆனால் எந்த மலை உறங்குகிறது, எது இறந்துவிட்டது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. அதற்குக் காது கொடுத்துக் கேட்க ஆள் வேண்டும்." அவன் சற்று யோசித்துவிட்டு, "அந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும், சார்?" என்று கேட்டான். கணக்கும் விஞ்ஞானமும் என்றோம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லி வையுங்கள்.