கொல்லிமலையில் 70 வளைவு... வயிறு ஏன் புரளுது?

கொல்லிமலைக்கு பஸ் ஏறுபவர்கள் பலர் எலுமிச்சம்பழத்தையும் பாலித்தீன் கவரையும் மறக்காமல் எடுத்துக்கொள்வார்கள். நாமக்கல் மாவட்டத்தில், அடிவாரமான காரவள்ளியைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும். மொத்தம் 70! பாதி தூரத்துக்குள்ளேயே சிலருக்குத் தலை சுற்றி, குமட்ட ஆரம்பித்துவிடும். காரணத்தைப் புரிந்துகொள்ள, பள்ளிக்கூடத்தில் பலரை பயமுறுத்திய ‘சைன் தீட்டா’ கைகொடுக்கிறது.

பஸ் இடப்பக்கம் திரும்பினால் உடம்பு வலப்பக்கம் சாயும். எதிர்ப்பக்க வளைவு வந்தால் இடப்பக்கம் சாயும். ஒரு கோடு போட்டு, வலப்பக்கச் சாய்வைக் கோட்டுக்கு மேலேயும் இடப்பக்கச் சாய்வைக் கீழேயும் நொடிக்கு நொடி குறித்துப் பாருங்கள். ஏறி இறங்கும் அலை ஒன்று கிடைக்கும். ஊஞ்சலுக்கும் இதே அலைதான். அதன் பெயர் சைன் அலை.

எல்லா வளைவும் ஒரே அளவில் இருக்காதே? அதற்கும் வழி உண்டு. சின்னதும் பெரியதுமான சைன் அலைகளைக் கூட்டினால் சீரற்ற ஆட்டத்தையும் கணக்கில் எழுதிவிடலாம். பிரெஞ்சுக் கணித மேதை ஃபூரியே 1822-ல் வெளியிட்ட நூலில் சொன்ன வழி இது.

குலுக்கல் அல்ல, ஆட்டம்!

குண்டும் குழியுமான ரோட்டின் வேகமான குலுக்கல் இடுப்பை வலிக்க வைக்கும். குமட்டலைத் தருவதோ நிதானமான ஆட்டம். கப்பலில் 5, 6 நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அசைவுதான் ஆளை அதிகம் வாட்டும். பஸ்ஸில் அந்த வேலையைச் செய்வது மெதுவான பக்கவாட்டு ஆட்டம். உள்காது அதை உணர்கிறது. செல்போனைப் பார்க்கும் கண்ணோ ‘அசைவே இல்லை’ என்கிறது. இந்த முரண்பாட்டில் மூளை குழம்ப, வயிறு புரள்கிறது.

என்ன செய்யலாம்?

அலையின் உயரத்தை, அதாவது பக்கவாட்டுத் தள்ளலைத் தீர்மானிப்பதில் வேகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வேகம் பாதியானால் தள்ளல் கால்வாசியாகிவிடும். வளைவில் 30 கிலோமீட்டர் வேகத்தை 20 ஆகக் குறைத்தாலே தள்ளல் பாதிக்கும் கீழே வந்துவிடும். சொந்தக் காரில் போகிறவர்கள் இதை மனதில் வைக்கலாம்.

பஸ்ஸில் போகிறவர்கள் முன்பக்க சீட்டில் அமர்ந்து, எதிரே வரும் ரோட்டைப் பாருங்கள். செல்போனைப் பையில் வையுங்கள். தலையை சீட்டில் நன்றாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் டிரைவருக்குக் குமட்டுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். அதற்கேற்ப உடம்பும் தயாராகிவிடும். வளைவு வருவதை நீங்களும் முன்கூட்டியே பார்த்துவிட்டால், மலையேற்றம் சுகமாகும்.