கடையில் தொங்கட்டும் இரண்டு கத்தி!

நம் கடைகளில் கத்தி இல்லாத கடை கிடையாது. சாக்குத் தையல் பிரிக்க ஒன்று, அட்டைப் பெட்டி கிழிக்க ஒன்று, வெல்லம் கொத்த ஒன்று என்று கல்லாப் பக்கத்திலேயே கிடக்கும். ஆனால் ஓர் உயிர் கயிற்றிலோ துணியிலோ சிக்கிக்கொண்டு துடிக்கும் நேரத்தில் அந்தக் கத்தி உதவுமா என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்? நாமும் யோசித்ததில்லை. இரண்டு முறை பட்டபின்தான் யோசித்தோம். பட்டதை இங்கே எழுதுகிறோம்.

1999-ஆம் ஆண்டு தை மாதம். வத்திராயிருப்பு, சுந்தரபாண்டியம் பக்கம் நெல் அறுவடை மும்முரமாக நடந்த சமயம். நமது கிட்டங்கி வாசலில் லாரிக்குப் பாரம் ஏற்றித் தார்ப்பாய் போட்டு, நைலான் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே நின்று கயிறு இறுக்கிய தொழிலாளிக்குக் கால் தவறிவிட்டது. விழுந்தவரின் கணுக்காலில் கயிறு சுற்றிக்கொள்ள, தலைகீழாகத் தொங்கினார். சரிந்த மூட்டைகளின் பாரம் முழுவதும் அந்தக் கயிற்றில் ஏறி, சுருக்கு இறுகிக்கொண்டே போனது. கீழே இரண்டு பேர் அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு, "அண்ணாச்சி, கத்தி! கத்தி!" என்று அலறினார்கள்.

கல்லாவில் கிடந்த கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினோம். நல்ல நீளக் கத்திதான். ஆனால் ஆறு மாதமாக வெல்லமும் சோப்புப் பெட்டியும் வெட்டி வாய் மழுங்கிப்போன கத்தி. கயிற்றில் வைத்து அறுத்தால் வழுக்கியதே தவிர, ஓர் இழைகூட அறவில்லை. அந்த நேரத்தில் வயலிலிருந்து திரும்பிய ஒரு பெரியம்மா, "தள்ளுங்க அண்ணாச்சி" என்று சொல்லி, இடுப்பில் செருகியிருந்த கருக்கரிவாளை எடுத்துக் கயிற்றில் கொடுத்து மூன்று இழுப்பு இழுத்தார். கயிறு அறுந்தது. அந்தத் தொழிலாளி ஒரு மாதம் காலைத் தாங்கித் தாங்கி நடந்தார். பிறகு பழையபடி மூட்டை தூக்கினார்.

அந்த அரிவாளும் அன்றைக்குப் புதிதாகத் தீட்டியது அல்ல. ஒரு பருவம் முழுதும் நெல் அறுத்த அரிவாள்தான். பிறகு எப்படி அறுத்தது? இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பல் எப்படி அறுக்கிறது?

பனை மட்டையின் ஓரத்தில் இருக்கும் கருக்கைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கத்தியின் வாய் ஒரே கோடாக இருந்தால் நாம் கொடுக்கும் அழுத்தம் அந்தக் கோடு முழுவதும் பரவுகிறது. பல் இருந்தால் அதே அழுத்தம் நாலைந்து முனைகளில் கூடி நிற்கிறது. முனை இழைக்குள் இறங்குகிறது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ள பள்ளம் இழையைப் பிடித்து வைத்து அறுக்கிறது. ஈரக் கயிறானாலும் வழுக்கி ஓடாது. மேலும், கத்தி தரையிலோ பலகையிலோ உரசும்போது தேய்வது பல்லின் முனைதான். பள்ளத்துக்குள் இருக்கும் கூர் அவ்வளவு எளிதில் கெடாது. அதனால்தான் பல் வைத்த கத்தி கவனிப்பு இல்லாமல் கிடந்தாலும் ஓரளவு அறுக்கிறது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பல் கத்தியை இழுத்துத்தான் அறுக்க வேண்டும். அழுத்தினால் மட்டும் அறாது. இழுக்க இடம் இல்லாத இண்டு இடுக்கில் அதனால் பயன் குறைவு.

நாம் செய்த தவறு

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பல் கத்தியைப் போல் வேறில்லை என்ற முடிவுக்கு வந்து, ஒரு கருக்கரிவாளைக் கடைத் தூணில் மாட்டி வைத்தோம். சில வருடங்கள் சென்றன. ஒரு நாள் சாயங்காலம், கடைக்கு எதிரே மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்த ஒரு பெண்ணின் சேலை முந்தானை சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. வண்டி நின்றுவிட்டது. ஆனால் முந்தானை கழுத்தைச் சுற்றி இறுகியிருந்தது. நாம் அரிவாளோடு ஓடினோம். கருக்கை வைத்து இழுத்ததும் மெல்லிய சேலைத் துணி பல்லில் மாட்டிக்கொண்டது. அறவில்லை, இழுபட்டது. நாம் இழுக்க இழுக்கக் கழுத்தில் இன்னும் இறுகியது. பக்கத்துத் தையற்கடைக்காரர் கத்தரிக்கோலோடு பாய்ந்து வந்து, இரண்டு விரலைக் கழுத்துக்கும் துணிக்கும் நடுவில் நுழைத்து, ஒரே வெட்டில் விடுவித்தார். அந்தப் பெண் பிழைத்தார். நம் கை நடுக்கம் அடங்க இரவு வெகு நேரமாயிற்று. உதவி செய்யப் போய் உபத்திரவம் செய்ய இருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வெட்கமில்லை.

எதற்கு எது?

நைலான் கயிறு, பிளாஸ்டிக் கயிறு, தேங்காய் நார்க் கயிறு, லாரி நாடா, கார் சீட் பெல்ட் ஆகிய தடித்த, இழையோட்டமான பொருள்களுக்குப் பல் கத்தி நல்லது. சேலை, துப்பட்டா, வேட்டி, கொசுவலை போன்ற மெல்லிய துணிகளுக்கும், உடம்போடு ஒட்டிய எதற்கும் சமவாய்க் கத்தி அல்லது கத்தரிக்கோல்தான் சரி. பல் கத்தி துணியைக் கவ்வும். தோலில் பட்டால் கிழித்த காயமாகும், ஆறவும் நாளாகும். மரக்கொம்பு செதுக்க, கட்டை சீவ வேண்டுமானாலும் சமவாய்தான்.

சமவாய்க் கத்தி நன்றாகத் தீட்டியிருந்தால் கயிற்றையும் அறுக்கும், பெல்ட்டையும் அறுக்கும். இதை மறக்கக் கூடாது. அதன் குறை ஒன்றே ஒன்று: கூர் போனால் எதற்கும் ஆகாது. ஆனால் அதைத் தீட்டுவது எளிது. சாணைக்கல் இருந்தால் கடைப் பையனே ஐந்து நிமிடத்தில் தீட்டிவிடுவான். பல் கத்தி அப்படி அல்ல. ஒவ்வொரு பள்ளமாகச் சிறிய உருண்டை அரத்தால், பல் வெட்டியிருக்கும் பக்கத்தில் மட்டும் ராவ வேண்டும். சக்கரச் சாணையில் கொடுத்தால் பல்லே போய்விடும்.

பாதி சமவாய், பாதி பல் என்று மடக்குக் கத்திகள் விற்பனைக்கு வருகின்றன. பார்க்கச் சமர்த்தாக இருக்கும். ஆனால் மூன்று அங்குலக் கத்தியில் பாதிக்குப் பாதி பிரித்தால் இரண்டுக்கும் போதிய நீளம் கிடைப்பதில்லை. பதற்றத்தில் எந்தப் பாதி எங்கே என்று பார்க்கவும் நேரம் இராது. கையில் ஒன்றுதான் வைத்துக்கொள்ள முடியும் என்கிற லாரி டிரைவருக்கு அது பரவாயில்லை. கடைக்குத் தேவையில்லை.

கத்தி முனை

வாய் எப்படி இருந்தாலும், மீட்புக்கு வைக்கும் கத்தியின் முனை கூராக இருக்கக் கூடாது. துடிக்கிற ஆளின் பக்கத்தில் கூர்முனை கொண்டுபோவது இன்னொரு விபத்தை அழைப்பதாகும். ஆம்புலன்ஸ்காரர்கள் துணி வெட்டும் கத்தரிக்கோலைக் கவனியுங்கள். கீழ் முனை மழுங்கியிருக்கும். வெள்ள மீட்பில் காற்றடைத்த படகில் போகிறவர்களும் முனை மழுங்கிய கத்தியைத்தான் விரும்புகிறார்கள். சாதாரணக் கத்தியானாலும் பட்டறையில் கொடுத்து முனையை வட்டமாக்கிக்கொள்ளலாம்.

சதுரகிரி மலையடிவாரத்தில் இருக்கும் நமக்கு ஓடை வெள்ளம் புதிதல்ல. 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டோம். ஓடுகிற வெள்ளத்தில் கயிறு உயிரைக் காக்கும். உடம்பில் முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டால் அதே கயிறு ஆளை நீருக்குள் அமுக்கவும் செய்யும். நீர் இழுப்பில் முடிச்சை அவிழ்க்க முடியாது. அதனால்தான் பயிற்சி பெற்ற வெள்ள மீட்பு வீரர்கள் எந்தக் கைக்கும் எட்டும்படி மார்பில் ஒரு கத்தியை வைத்துக்கொள்கிறார்கள்.

சீட் பெல்ட் விஷயம்

கிருஷ்ணன்கோவில் வழியாகப் போகும் மதுரை - கொல்லம் சாலையில் கார் போக்குவரத்து பெருகிவிட்டது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி பெல்ட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். "பெல்ட் போட்டால் விபத்தில் சிக்கிக்கொள்வோமே" என்று சிலர் சொல்வது தவறு. பெல்ட் காப்பாற்றும் உயிர்களோடு ஒப்பிட்டால், பெல்ட்டில் சிக்குவது அபூர்வம். அப்படிச் சிக்கினால் முதலில் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கழலாவிட்டால் மட்டும் வெட்டுங்கள். கார் கவிழ்ந்திருந்தால் ஆளைத் தாங்கிப் பிடித்த பிறகே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் தலைகுப்புற விழுந்து கழுத்தில் அடிபடும். பெல்ட்டை விறைப்பாக இழுத்துப் பிடித்து, சற்றுச் சாய்வாக, உடம்பிலிருந்து வெளிப்பக்கமாக அறுங்கள். வெட்டும் வாய் உள்ளே மறைந்திருக்கும் கொக்கிக் கத்தி இதற்கு எல்லாவற்றிலும் பாதுகாப்பானது.

அடிபட்டவருக்கு உதவினால் வழக்கு வரும் என்ற பயமும் வேண்டாம். நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்கு அதே 2019 திருத்தத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. கத்தியை எடுக்கும்போதே ஒருவரை 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை

"மீட்புக் கத்தி" என்று பெயர் போட்டு, பளபளப்பாக, பயமுறுத்தும் உருவத்தில் வரும் சரக்கை வாங்கிக் குவிக்க வேண்டாம். மாதிரி ஒன்று வாங்கிப் பழைய நைலான் கயிற்றிலும், பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் பெல்ட் துண்டிலும் அறுத்துப் பார்த்த பிறகு ஆர்டர் கொடுங்கள். ஆயுதச் சட்ட விதிகளில் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் தனி வகையில் வருகின்றன. வீட்டு உபயோகம், விவசாயம், தொழிலுக்கு என்று செய்யப்பட்டவைக்கு விலக்கு உண்டு. மீட்புக்கு மூன்று நான்கு அங்குலமே போதும். அரிவாள், கத்தி வாங்குவோர் விவரத்தைக் குறித்து வைக்கும்படி 2021-இல் தமிழகக் காவல்துறை பட்டறைகளுக்கு அறிவுறுத்தியதையும் நினைவில் வைத்து, முகம் தெரியாதவர்களுக்கு விற்கும்போது கவனமாக இருப்பது நல்லது.

நமது கடைத் தூணில் இன்று இரண்டு தொங்குகின்றன. ஒன்று முனை மழுக்கிய பல் கத்தி. மற்றொன்று நல்ல கத்தரிக்கோல். இரண்டுக்கும் சிவப்பு நூல் கட்டியிருக்கிறோம். சிவப்பு நூல் கட்டியதை எடுத்து வெல்லம் கொத்தவோ, சாக்குப் பிரிக்கவோ கூடாது என்பது கடைச் சட்டம். முதலாளிக்கும் அதே சட்டம்தான். ஆயுத பூஜைக்கு ஒரு முறை, சித்திரைப் பிறப்புக்கு ஒரு முறை எடுத்து, துரு துடைத்து, கயிற்றிலும் துணியிலும் வெட்டிப் பார்த்து, தேங்காய் எண்ணெய் பூசி மாட்டுகிறோம்.

நெல் அறுக்க இயந்திரம் வந்துவிட்டது. கருக்கரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வரும் பெரியம்மாக்கள் இப்போது தெருவில் அதிகம் இல்லை. இன்னொரு நாள் நம் வாசலில் ஒருவர் தொங்கினால், ஓடிவந்து அறுக்க வேண்டியவர்கள் நாம்தான். இருநூறு முந்நூறு ரூபாய்ச் செலவுதான். இந்த வாரமே இரண்டு ஆணி அடியுங்கள்.