சார்ஜ் நிற்கவில்லை!

சேலம், நாமக்கல் சீமையில் காலை நேரத்தில் இரண்டு பேர் சந்தித்தால் வழக்கமாக என்ன பேசிக்கொள்வார்கள் என்பது நேயர்களுக்குத் தெரியாததல்ல. மேட்டூரில் தண்ணீர் எத்தனை அடி, முட்டை என்ன விலை, மழை வருமா வராதா - இந்த மூன்றும் தீர்ந்த பிறகுதான் மற்றச் சமாசாரங்கள். சில வருஷங்களாக நான்காவது கேள்வி ஒன்றும் இவற்றுடன் வந்து சேர்ந்திருக்கிறது. "ஏனுங்க, உங்க போன்ல சார்ஜ் இருக்குதுங்களா?" என்று ஒருவர் கேட்டால், அவருடைய போன் உயிரை விட்டுவிட்டது என்று அர்த்தம்.

இதை வேடிக்கை என்று தள்ளிவிடுவதற்கில்லை. ஒரு காலத்தில் டெலிபோன் என்பது பேசுவதற்கு மட்டுமே பயன்பட்டது. இன்றோ சட்டைப்பையிலுள்ள ஸ்மார்ட் போனில்தான் பணம் இருக்கிறது. ரயில் டிக்கெட் இருக்கிறது. பாங்கியிலிருந்து வரும் ரகசிய எண்ணும் அதற்குத்தான் வருகிறது. ஆபத்து வேளையில் 108-ஐக் கூப்பிடும் வழியும் அதுவே. மாலை நாலு மணிக்கு அது கண்ணை மூடிக்கொண்டால் மளிகைக் கடையில் சாமானைக் கட்டி வைத்துவிட்டு விழிக்க வேண்டியதுதான். வீட்டில் இருப்பவர்களோ, "ஸ்விச் ஆஃப் என்று வருகிறதே!" என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்திருப்பார்கள். பெரும்பாலோர் இதற்குக் காணும் பரிகாரம் என்ன? கடைக்குப் போய்ப் புதுப் போன் வாங்கி வருகிறார்கள். பத்தாயிரம், பதினையாயிரம் ரூபாய் என்பது மாதச் சம்பளக் குடும்பத்துக்குச் சின்னத் தொகையல்ல. பல சமயங்களில் அந்தச் செலவு அநாவசியம் என்பது நமது அபிப்பிராயம்.

மேட்டூர் அணையையே எடுத்துக்கொள்வோம். 1934-ல் கட்டி முடிந்த அந்த அணையின் முழு மட்டம் 120 அடி; கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நீர்மட்டம் திடீரென்று வேகமாகக் குறைந்தால், அணையை இடித்துவிட்டுப் புதிது கட்டுங்கள் என்று இன்ஜினீயர் சொல்லுவாரா? மாட்டார். எந்த மதகு திறந்திருக்கிறது என்று முதலில் பார்ப்பார். அடியில் வண்டல் படிந்து, தண்ணீர் கொள்ளும் அளவே குறைந்துபோயிற்றா என்று அப்புறம் விசாரிப்பார். அளவுகோல்தான் பொய் சொல்கிறதோ என்று ஒரு சந்தேகத்தையும் மனத்தில் வைத்துக்கொள்வார். போனுக்கும் இந்த மூன்று கேள்விகள்தான்.

போனுக்குள் இருப்பது லிதியம் அயான் பாட்டரி. ஒரு பக்கம் கிராபைட், மற்றொரு பக்கம் கோபால்ட் முதலிய உலோகங்களின் ஆக்ஸைடு, நடுவே ஒரு திரவம். சார்ஜ் ஏற்றும்போது லிதியம் அயான்கள் கிராபைட்டுக்குள் போய்க் குடியேறுகின்றன. போன் வேலை செய்யும்போது பழைய வீட்டுக்குத் திரும்பி வருகின்றன. 1991-ல் ஜப்பானிய ஸோனி கம்பெனி இதை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு வழி வகுத்த குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ என்னும் மூவருக்கும் 2019-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. நம் பக்கத்தில் இத்துறைக்கு ஆளில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் வழங்க, 1948 ஜூலையில் ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்ட, 1953 ஜனவரியில் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின் வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் லிதியம் பாட்டரிகளைப் பற்றிய ஆராய்ச்சியும் நடந்து வருகிறது.

அயான்கள் இப்படிப் போய்வரும் ஒவ்வொரு தடவையும் அவற்றில் சில திரும்பாமல் கிராபைட்டின் மேல் ஏடாகப் படிந்துவிடுகின்றன. இதுதான் நாம் சொன்ன வண்டல். சுமார் 500 முறை முழுக்க ஏற்றி இறக்கினால் ஆரம்பக் கொள்ளளவில் 80 சதவிகிதம் மிஞ்சும் என்பது கம்பெனிக்காரர்கள் நெடுநாள் சொல்லிவந்த கணக்கு. புதிய மாடல்கள் சிலவற்றுக்கு 1,000 முறை என்கிறார்கள். ஆகவே இரண்டு மூன்று வருஷம் உழைத்த பாட்டரி முன்போல் நிற்கவில்லை என்றால் அது யாருடைய குற்றமுமல்ல, மூப்பு.

ஆனால் வாங்கி ஆறு மாதமான போன் மத்தியானத்துக்குள் படுத்துவிட்டால், வண்டலைக் குறை கூறக்கூடாது. மதகைத் தேட வேண்டும். அதற்கு ஒரு சுலபமான பரீட்சை இருக்கிறது. இரவு படுக்கும்போது சதவிகிதத்தைக் குறித்துக்கொண்டு, போனை விமானப் பயண நிலையில், அதாவது 'ஏரோப்ளேன் மோடி'ல், வைத்துவிடுங்கள். காலையில் பாருங்கள். மறுநாள் இரவு அந்த நிலையில் வைக்காமல் வழக்கம்போல் விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். முதல் இரவில் இரண்டு மூன்று சதவிகிதமும், இரண்டாம் இரவில் பதினைந்து இருபதும் குறைந்திருந்தால், பாட்டரி நிரபராதி. ஸிக்னல் தேடுவதிலோ, நாம் தூங்கும்போதும் தூங்காத ஏதோ ஒரு செயலியிலோதான் குற்றம். முதல் இரவிலேயே வெகுவாகக் குறைந்திருந்தால் போனை ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பாருங்கள். அதற்கும் கேட்கவில்லையென்றால் உள்ளே பழுது இருக்கிறது, ரிப்பேர்க்காரரிடம் போக வேண்டியதுதான். எந்தச் செயலி குற்றவாளி என்பதைப் போனே எழுதி வைத்திருக்கிறது: செட்டிங்ஸில் பாட்டரி என்ற இடத்தில், யார் எவ்வளவு குடித்தார்கள் என்று வரிசையாகக் கணக்கு இருக்கும். அந்தக் கணக்கைப் பார்க்காமலே கடைக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம். குடும்ப வாட்ஸப் குழுவில் அத்தை மாமாக்கள் விடியற்காலம் தொட்டு அனுப்பும் 'காலை வணக்க'ப் படங்கள், வீடியோக்கள் அத்தனையும் தாமாகவே இறங்கிக்கொண்டிருந்தால், பாவம், பாட்டரி என்ன செய்யும்? தானாக இறங்குவதை நிறுத்திவைத்தால் உறவுக்குப் பங்கம் வந்துவிடாது.

நாமக்கல் லாரி டிரைவர் ஒருவருடைய விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். ஊரில் இருக்கும்போது அவருடைய போன் இரவு வரை தாங்குகிறது. 44-ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையில் ஹைதராபாத், நாகபுரி என்று கிளம்பிவிட்டாலோ, பிற்பகலுக்குள் தீர்ந்துபோகிறது. இரவு எட்டு மணிக்கு மனைவிக்கு ஒரு வார்த்தை பேசுவது அவர் வழக்கம்; பேச்சு வராத நாளில் அந்த வீட்டில் ஒருவரும் சாப்பிடுவதில்லை. பாட்டரியை ஒருமுறை மாற்றியும் பார்த்துவிட்டார். "எல்லாம் டூப்ளிகேட்டுங்க!" என்பது அவருடைய முடிவு.

உண்மையில் மூன்று மதகுகள் ஒரே சமயத்தில் திறந்திருந்தன. போனை முன் கண்ணாடியருகே மாட்டி, முழு வெளிச்சத்தில் நாள் முழுவதும் வரைபடத்தை ஓடவிட்டிருந்தார். அதில் இரண்டு ஸிம் கார்டுகள். இரண்டாவது கம்பெனியின் கோபுரமோ வழியில் பல இடங்களில் இல்லை. கோபுரம் பக்கத்தில் இருக்கும்போது 4ஜி போன் மிகச் சொற்ப சக்தியுடன் மெதுவாகப் பேசுகிறது; தூரம் போகப் போக உரக்கக் கத்துகிறது. உச்சக் கத்தலில் சுமார் ஐந்தில் ஒரு வாட் சக்தியை வெளியே வீசுகிறது. கோபுரத்தின் அடியிலோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியிறங்கியவர்கள், கீழே வந்ததும் சார்ஜ் பாதியாகியிருப்பதைக் கண்டிருப்பார்கள். மலை பாட்டரியைத் தின்னவில்லை. கோபுரம் கிடைக்காமல் போன் கூவிக் கூவிக் களைத்துப்போயிற்று. 5ஜி வந்தும் வராமலும் இருக்கும் கிராமங்களிலும் இதே கதைதான். அங்கே 4ஜியோடு நிறுத்திவைப்பது நல்லது.

டிரைவர் இரண்டாவது ஸிம்மை அணைத்தார். வரைபடத்தை ஊரிலேயே முன்கூட்டி இறக்கி வைத்துக்கொண்டார். நேர் சாலையில் திரையை அணைத்துவிட்டுக் குரல் வழிகாட்டுதலை மட்டும் கேட்டுக்கொண்டு போனார். போனைக் கண்ணாடியை விட்டு வெயில் படாத இடத்துக்கு மாற்றினார். காலணா செலவில்லை. "இவ்வளவுதானுங்களா?" என்று கேட்டார். இப்போது எட்டு மணிப் பேச்சு தவறுவதில்லை என்று அறிகிறோம்.

திரையைப் பற்றி இன்னொரு வார்த்தை. கறுப்புப் பின்னணி வைத்தால் சார்ஜ் மிச்சமாகும் என்பது ஓலெட் திரைகளுக்கு மட்டுமே பொருந்தும். அதிலும், அமெரிக்காவின் பர்டியூ சர்வகலாசாலையார் 2021-ல் கண்டபடி, 30 முதல் 50 சதவிகித வெளிச்சத்தில் மிச்சமாவது சராசரி 3 முதல் 9 சதவிகிதந்தான். முழு வெளிச்சத்தில்தான் 40 சதவிகிதத்தை ஒட்டி வருகிறது. வெளிச்சத்தைக் குறைப்பதே எல்லாத் திரைக்கும் ஏற்ற வைத்தியம்.

இனி நமது சமவெளிக்கே உரிய சத்துருவுக்கு வருவோம். அது வெயில். சித்திரை வைகாசியில் சேலத்தில் 40 டிகிரி என்பது சகஜம். வெயிலில் நிறுத்திய வண்டியின் முன்பலகையோ 60 டிகிரியையும் எளிதில் தாண்டும். ஐபோன் கம்பெனியார் தங்கள் போனை 35 டிகிரிக்குள் உபயோகிக்கச் சொல்லுகிறார்கள். அவர்கள் ஆத்தூர், ராசிபுரம் பக்கம் மே மாதத்தில் வந்ததில்லை போலும்! வெப்பத்தில் அந்த வண்டல் பன்மடங்கு வேகமாகப் படிகிறது. பாட்டரிக்காரர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு கணக்குப்படி, முழுச் சார்ஜுடன் 25 டிகிரியில் ஒரு வருஷம் சும்மா வைத்த பாட்டரியில் 80 சதவிகிதக் கொள்ளளவு மிஞ்சுகிறது. 40 டிகிரியில் வைத்தால் 65 தான். அதே 40 டிகிரியில், முழுச் சார்ஜுக்குப் பதில் 40 சதவிகிதச் சார்ஜுடன் வைத்தால் 85 மிஞ்சுகிறது. வெப்பமும் முழுச் சார்ஜும் சேர்வதுதான் விஷம் என்பது இதிலிருந்து விளங்கும். ஆகையால் இரவு முழுவதும் தலையணைக்கடியில் போனைச் செருகி வைத்துச் சார்ஜ் போடும் வழக்கத்தை வீட்டுப் பெரியவர்கள் கண்டித்துத் தடுக்க வேண்டும். 80 சதவிகிதத்தில் நிறுத்தும் வசதி இப்போது பல போன்களில் உண்டு. கோடையிலாவது அதை உபயோகிக்கலாம். போன் சுட்டால் உறையைக் கழற்றிக் காற்றில் வையுங்கள். ஐஸ் பெட்டிக்குள் வைக்கிறவர்களையும் கேள்விப்படுகிறோம். அப்படிச் செய்தால் வெளியே எடுத்ததும் உள்ளுக்குள் நீர் கோத்து, இருந்த போனும் போய்விடும்.

முழுக்க வற்றவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் பாட்டரியின் சாஸ்திரம். லிதியத்துக்கு அது கெடுதல். ஓடும் செயலிகளை நிமிஷத்துக்கொரு தரம் தள்ளி மூடுவதும் வீண். மறுபடி திறக்கும்போது இன்னும் கொஞ்சம் செலவாகிறது. 'பாட்டரியை மிச்சப்படுத்தித் தருகிறேன்' என்று விளம்பரத்துடன் வந்து குடிபுகும் செயலிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். திருடனைத் தோட்டக் காவலுக்கு வைத்த கதைதான்.

வண்டலே படிந்துவிட்டது என்பதற்கு அடையாளங்கள் வேறு. 25 சதவிகிதம் காட்டிக்கொண்டிருந்த போன் சட்டென்று அணைந்துபோகும். முன்பு இரண்டு மணி நேரம் எடுத்த சார்ஜ் ஒரு மணியில் நிரம்பிவிடும். சீக்கிரம் நிரம்புகிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம், குளம் சிறுத்துவிட்டது. ஐபோனிலும் சில புதிய ஆண்ட்ராய்டு போன்களிலும் பாட்டரியின் ஆரோக்கியத்தைச் சதவிகிதமாகவே பார்க்கலாம். 80-க்குக் கீழே போயிருந்தால் பாட்டரியை மாற்றலாம். போனை மாற்ற வேண்டியதில்லை. பாட்டரி பழசானால் போனின் வேகத்தைத் தாமே குறைத்து வந்ததாக ஆப்பிள் கம்பெனியார் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். பிறகு 79 டாலராயிருந்த பாட்டரி மாற்றும் கூலியை 29 டாலராகக் குறைத்தார்கள். புது பாட்டரி போட்டதும் கிழப் போன்கள் பழைய வேகத்தில் ஓடின. உபயோகிப்பவரே பாட்டரியைக் கழற்றி மாற்றும்படி சாதனங்கள் அமைய வேண்டுமென்று ஐரோப்பிய யூனியன் சட்டம் செய்திருக்கிறது. 2027 பிப்ரவரியிலிருந்து அது அமலாக வேண்டும். நமக்கும் அப்படி ஒரு சட்டம் வந்தால் கசக்காது.

மாற்றும்போது மலிவைப் பார்த்து மயங்கக்கூடாது. ஐ.எஸ். 16046 என்ற நம்பரும், 'ஆர்' எழுத்தில் ஆரம்பிக்கும் பதிவு எண்ணும் பாட்டரியின் மேல் அச்சாகியிருக்கின்றனவா என்று கேட்டு வாங்குங்கள். போனின் முதுகு புடைத்தாலும், திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டாலும், உள்ளே பாட்டரி உப்பியிருக்கிறது என்று அறிக. அதற்குமேல் ஒரு நிமிஷங்கூடச் சார்ஜ் போடலாகாது. அமுக்கிப் பார்ப்பதும் ஊசியால் குத்துவதும் தீயை அழைப்பதாகும். 2016-ல் ஸாம்ஸங் கம்பெனியார் ஒரு மாடல் முழுவதையும் உலகெங்கிலுமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டது பாட்டரி தீப்பிடித்ததனால்தான். கழற்றிய பழைய பாட்டரியைக் குப்பையோடும் போடாதீர்கள், பழைய பேப்பர்க்காரரிடமும் தள்ளாதீர்கள். 2022-ல் வந்த மத்திய அரசாங்க விதிகளின்படி, பழைய பாட்டரிகளைச் சேகரித்துச் சுத்திகரிக்கும் பொறுப்பு அவற்றை விற்கும் கம்பெனிகளைச் சேர்ந்தது. மாற்றிக் கொடுக்கும் ஸர்வீஸ் கடையிலேயே அதை ஒப்படைத்துவிட்டு வாருங்கள்.