ஒரே ஊர், இரண்டு பதிவு

திருகோணமலையில் ஒரு மீன் வாடிக்குக் கைபேசியில் கணக்குச் செயலி எழுத உட்காரும் இளைஞர் பெரும்பாலும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளைத்தான் எடுப்பார். சேவையகம் வேண்டாம், கட்டணமும் இல்லை. முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். ரிச்சர்ட் ஹிப் 2000இல் இதை எழுதியதற்குக் காரணம் ஓர் அமெரிக்கப் போர்க்கப்பலுக்கான மென்பொருள் வேலை. தரவுத்தளச் சேவையகம் படுத்தால் செயலியும் கூடவே படுத்துவிடும் என்ற தொல்லைக்கு அவர் கண்ட வழி இது. கடற்படைத் தளம் உள்ள ஊருக்குப் பொருத்தமான பிறப்புக் கதைதான்.

வாடிக் கணக்கில் சிக்கல் தொடங்குவது தரவு வகையில். எஸ்கியூலைட் சேமிப்பது ஐந்தே வகை: வெறுமை, முழு எண், தசம எண், எழுத்து, பைனரி. எடை என்று முழு எண் நெடுவரிசை வைத்துவிட்டு அதில் ‘இரண்டு பெட்டி’ என்று எழுதினாலும் முணுமுணுக்காமல் வாங்கிக்கொள்ளும். கூட்டும்போது அதைச் சுழியமாக எடுக்கும். மாதக் கடைசியில் முதலாளியின் சூரை மீன் இரண்டு பெட்டி கணக்கில் இராது. தொலைபேசி எண்ணை முழு எண்ணாக வைத்தால் ஊர்க் குறியீடான 026இன் முன்சுழியம் பறிபோகும். 2021 நவம்பரில் வந்த 3.37 பதிப்பின் ‘ஸ்ட்ரிக்ட்’ அட்டவணை, எண் நெடுவரிசையில் ‘இரண்டு பெட்டி’ போன்ற பொருந்தாப் பதிவை மறுக்கிறது. ஆனால் அதைக் கேட்டு வாங்கவேண்டும். கேட்காமலே கிடைத்திருக்க வேண்டியது என்பேன்.

திகதிக்குத் தனி வகை இல்லை என்ற குறை பலருக்கு உண்டு. எனக்கு அது பெரிதாகப் படவில்லை: ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுத்தாக வைத்தால் வரிசை தானே சரியாகும். ரூபாயைச் சதமாக்கி முழு எண்ணாக வைத்தால் தசமப் பிழையும் தொலையும்.

தமிழுக்குத்தான் இப்படி எளிய மாற்று இல்லை. ‘திருகோணமலை’ நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. நீளம் கேட்டால் எஸ்கியூலைட் பத்து என்கிறது, யூனிகோட் குறிகளை எண்ணுவதால். அதுகூடப் போகட்டும். ‘கோ’வின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று. தரவுத்தளத்துக்கு இரண்டாவது ஊர் பதினொரு குறி கொண்ட வேறோர் ஊர்! வாடிக்கையாளர் பட்டியலில் நகரத்தைத் தேடினால் பாதிப் பேர் வரமாட்டார்கள். பிழைச் செய்தியும் வராது. யூனிகோட் இவ்விரண்டும் சமம் என்று வரையறுத்திருந்தும் எஸ்கியூலைட் தானாக அவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து இயல்பாக்குவதில்லை.

அகரவரிசையும் அப்படியே. மட்டக்களப்பு, மருதமுனை, மன்னார் என்பது அகராதி ஒழுங்கு. எஸ்கியூலைட் மன்னாரை மருதமுனைக்கு முன்னால் இழுத்துவிடும், யூனிகோடில் ‘ன’வுக்கு ‘ந’வையடுத்து இடம் கொடுத்திருப்பதால். ‘பக்கம்’ வரவேண்டிய இடத்தில் ‘பகல்’ முந்திக்கொள்ளும். புள்ளியின் குறி எண் எல்லா மெய்களுக்கும் பிந்தியது. ஐசியூ என்ற யூனிகோட் நூலகத்தின் நீட்சியை இணைத்தால் இந்த வரிசை திருந்தும். அது இயல்பான கட்டமைப்பில் வருவதில்லை, அளவிலும் எஸ்கியூலைட்டை விழுங்குமளவு பெரியது.

ஆகவே நான் கேட்கும் தரவு வகை ஒன்றே: உள்ளே வரும் எழுத்தை முதலில் இயல்பாக்கி, அந்தந்த மொழியின் வரிசையில் ஒப்பிடும் எழுத்து வகை. அது வரும்வரை, பதிவதற்கு முன்பும் தேடுவதற்கு முன்பும் இயல்பாக்கும் வேலை செயலி எழுதுபவர் தலையில்.